பலாமரத்துக் காட்டுக்கு வழி

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையை மாணவர்களுக்கு அறிமுகம் செய்யும் நாளில், ஆண்டுதோறும் ஒரே கேள்வி வெவ்வேறு உருவங்களில் வந்து சேர்கிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், பசியோடு எதிரே வரும் இன்னொரு கூத்தனிடம், 'இன்ன மலைக்கு இன்ன வள்ளல். போய்ப் பார்' என்று சொல்லிவிட்டால் போதாதா? அதற்கு எதற்காக 583 அடிகள்? பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதைக் கேட்டவர்கள் 'சுருக்கமாகச் சொல்லியிருக்கலாமே' என்றார்கள். இன்றைய மாணவர்கள் 'லொக்கேஷன் அனுப்பியிருந்தால் முடிந்திருக்குமே' என்கிறார்கள். வகுப்பு சிரிக்கும். நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

நாங்கள் என்று எழுதக் காரணம் உண்டு. கணவனும் மனைவியுமாக இருவரும் ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறோம்; முதுகலையிலும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். எழுதும் கை ஒன்றுதான் என்றாலும், எழுதியதை மற்றவர் திருத்தாமல் எதுவும் வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை. ஆகவே இக்கட்டுரையின் 'நாங்கள்' பணிவுப் பன்மையும் அன்று, பெருமிதப் பன்மையும் அன்று, வெறும் எண்ணிக்கைதான்.

583 அடி கொண்டது மலைபடுகடாம். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் செங்கண்மாத்து வேள் நன்னனைப் பாடியது. பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் ஐந்து. அவற்றுள் வழியை வழியாகவே மதித்துப் பாடியது இது ஒன்றுதான் என்பது எங்கள் கட்சி. சிறுபாணாற்றுப்படையிலும் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்கள் வரிசையாக வரும்; ஆனால் அங்கே ஊர்தோறும் கிடைக்கும் விருந்துதான் முதன்மை. கௌசிகனாரோ, காலை எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்பதுவரை சொல்கிறார். தினைப்புனம் காப்பவர்கள் பன்றிக்காகக் கற்பொறி மாட்டி வைத்திருப்பார்கள், ஆகவே இருள் விடிந்தபின் நடங்கள் என்கிறார். பரண்மேல் இருந்து யானையை விரட்டுவோரின் கவண்கல் குறிதப்பி வரும், மரத்தின் பின்னே ஒதுங்குங்கள் என்கிறார். பாசி படிந்த சுனைக்கரையில் கொடிகளைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார். போகும் நாட்டின் பெயரைக் கல்லில் கொத்தி வைத்திருக்கும் கவர்வழிகளைப் பற்றியும் சொல்கிறார். நம் நெடுஞ்சாலைத் துறைப் பலகைக்கு அதுவே மூதாதை. இவை எல்லாவற்றையும்விட எங்களைக் கவர்ந்த இடம் ஒன்று உண்டு. வழிகள் கூடும் சந்தியைத் துடைத்துவிட்டு, புல்லை முடிந்து அடையாளமாகப் போட்டுச் செல்லுங்கள் என்பார். பின்னால் வரக்கூடிய, இடம் பழகாத புதியவர்களுக்காக என்று நாங்கள் அதை விளக்குவது வழக்கம்.

இத்தனையையும் மின்விசிறி சுழலும் வகுப்பறையில் நின்றுதான் சொல்லி வந்திருக்கிறோம்.

2024 டிசம்பர் இறுதியில், மகளுக்கு அரையாண்டு விடுமுறை விட்டதும் கொல்லிமலையில் இரண்டு நாள் தங்குவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் அம்மா. எங்கள் இருவரில் ஒருவருக்குத் தாயும் மற்றவருக்கு மாமியாருமான அவருக்கு எழுபத்தாறு வயது. அப்பா மறைந்தபின் இரண்டாண்டுகளாகத் தெருமுனைக் கோயிலைத் தாண்டி அவர் எங்கும் வந்ததில்லை. அப்பா காலையில் அறப்பளீசுர சதகத்திலிருந்து ஒரு பாட்டாவது சொல்லாமல் நாளிதழைத் தொடமாட்டார். 'அந்த அறப்பளீசுவரரைத்தான் ஒரு தரம் பார்த்துட்டு வந்துடலாமே' என்று அம்மா சொன்னபோது, அவராக ஓர் ஆசையைச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாளே இணையத்தில் வீடு தேடினோம்.

அம்மாவுக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை நோய். இரவு உணவு ஏழரை மணிக்கு என்றால் ஏழரை மணிக்கு. தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். முந்தைய ஆவணியில் ஒருநாள் அப்படி இறங்கி, பேச்சு குழறி நினைவு தப்பி, ஓர் இரவு முழுதும் மருத்துவமனையில் கழிந்தது. ஆகவே கைப்பையில் கடலைமிட்டாயும் குளுக்கோஸ் பொட்டலமும் இல்லாமல் நாங்கள் வாசலைத் தாண்டுவதில்லை. விடுதிகளை விட்டுத் தனிவீடாகப் பிடித்ததும் அதற்காகத்தான்: சமையலுக்கு ஆள் உண்டு, சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு தயார் என்று வீட்டுக்காரர் தொலைபேசியில் உறுதி சொன்னார். இரண்டு இரவுக்கு 9,000 ரூபாய், பாதி முன்பணம்.

பணம் போன சிறிது நேரத்தில் வழி வந்தது. வாட்ஸப்பில் பதினொரு வரி, கூடவே வரைபடத்தில் ஒரு சிவப்புக் குறி. செம்மேட்டைக் கடந்து கோயில் சாலையில் வாருங்கள், ஒரு தேநீர்க்கடை வரும், கொஞ்ச தூரத்தில் நீலநிறத் தண்ணீர்த் தொட்டி, அதன் வலப்பக்கம் திரும்பினால் அழகிய பள்ளத்தாக்குக் காட்சி, பிறகு சில்வர் ஓக் மரங்கள், பிறகு எங்கள் பெயர்ப்பலகை. வீட்டின் பெயர் மேகத்தையும் பறவைக்கூட்டையும் சேர்த்து ஆங்கிலத்தில் செய்தது. ஒரு பிரதியாக இதைப் படித்தால் எழுதியவரைப் பற்றிச் சிலவற்றை ஊகிக்கலாம். அவர் பெருநகரத்தில் இருப்பவர். பகலில் மட்டும் வருபவர். தம் வண்டியை விட்டு இறங்காதவர். 'கொஞ்ச தூரம்' என்பது வழி தெரிந்தவனின் அளவை. தெரியாதவனுக்குக் கொஞ்ச தூரம் என்று ஒன்று கிடையாது.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டைஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. மகள் எண்களை உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். அம்மா அதற்கு இணையாகக் கைவிரலில் எண்ணிக்கொண்டு வந்தார். 'பலகையைத்தான் போட்டிருக்கானே, பாட்டி' என்றதற்கு, 'அவன் எண்ணினதை நாமளும் ஒருதரம் சரிபார்க்கணும்ல' என்றார். நாற்பத்து மூன்றாம் வளைவில் எல்லாம் நின்றது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றி இறங்கிவந்த லாரி ஒன்று வளைவின் குறுக்கே பழுதாகி நின்றிருந்தது. மேலே ஒரு பேருந்து, கீழே எங்களைப் போலப் பதினைந்து வண்டிகள். ஒன்றரை மணிநேரம்.

நின்ற நேரத்தில் அந்தக் கிழங்கைப் பற்றிப் பேச்சு வந்தது. சங்கப் பாடல்களின் வழியாகக் கொல்லிமலையை அறிந்தவர்களுக்கு அது வல்வில் ஓரியின் மலை, கொல்லிப்பாவையின் மலை, தினையும் பலாவும் தேனும் விளையும் மலை. இன்று அதன் சரிவுகளில் பெரும்பரப்பு மரவள்ளி. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சேகோ ஆலைகளுக்கு இறங்குகிற கிழங்கு அது. நம் வீட்டு ஜவ்வரிசிப் பாயசத்தின் பூர்வாசிரமம். மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்லர், மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளி) தலைமுறைகளாகப் பயிரிட்டு வந்த சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகெல்லாம் சுருங்கிக்கொண்டே வர, அந்தச் சிறுதானிய வகைகளைக் காப்பதற்கென்றே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் பல்லாண்டுகள் வேலை செய்தது. காசு வரும் பயிர் ஏறுகிறது, காசு வராத பயிர் இறங்குகிறது. இதில் மலைக்காரர்களைக் குறைசொல்ல, மாதச் சம்பளம் வாங்கும் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

செம்மேட்டை அடைந்தபோது மணி ஆறேகால். வெளிச்சம் போய்விட்டிருந்தது. வீட்டுக்காரரின் தொலைபேசி மணியடித்து ஓய்ந்தது. சமையற்காரரின் எண் 'தொடர்பு எல்லைக்கு அப்பால்' இருந்தது. அந்த வீட்டில் கோபுர அலை கிடையாது என்பதைத்தான் விளம்பரத்தில் அமைதி என்று குறிப்பிட்டிருந்தார்கள். நாங்களும் அந்த அமைதிக்காகவே பணம் கட்டியிருந்தோம்.

கோயில் சாலையில் செய்தி சொன்ன தேநீர்க்கடை வந்தது. இறங்கி, வீட்டின் பெயரைச் சொன்னோம். கடைக்காரர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பெஞ்சில் இருந்த இருவரிடம் கேட்டார். ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

'அப்படி ஒரு பேரு இங்க இல்லீங்களே. யாரு காட்டுலங்க கட்டியிருக்கு?'

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. பதினொரு வரிச் செய்தியிலும் இல்லை. கொல்லிமலையில் ஊராட்சிகளின் பெயர்களெல்லாம் நாடு என்று முடியும்: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு. நாட்டுக்குள் ஊர், ஊருக்குள் காடு. இங்கே காடு என்றால் வனம் அன்று. உழுது பயிரிடும் மேட்டுநிலம். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு பெயர் இருக்கும்; ஒரு மரமோ பாறையோ பாட்டனோ அதற்குப் பெயர் கொடுத்திருப்பார். முகவரி என்பது அங்கே அதுதான். கதவு எண்ணோ பின்கோடோ இல்லை. எங்கள் கையில் இருந்த பெயரை, அதை வைத்தவரையும் வாடகைக்கு எடுப்பவரையும் தவிர மூன்றாம் மனிதர் அறியமாட்டார். வழிகேட்பதற்குக் கேட்பவனும் சொல்பவனும் ஒரே பெயரை அறிந்திருக்க வேண்டும் என்பது எவ்வளவு எளிய நிபந்தனை! கௌசிகனாருக்கு அந்தக் கவலை இல்லை. நன்னன் என்றால் வழியில் எதிர்ப்படுகிற யாருக்கும் தெரியும்.

கடைக்காரர் பொறுமைசாலி. நீலத்தொட்டி என்றதும், இந்தப் பக்கம் மூன்று ஊரில் நீலத்தொட்டி உண்டு என்றார். 'பனி இறங்குதுங்க. பாட்டிய வெச்சுக்கிட்டு ராத்திரில தேடாதீங்க. செம்மேட்டுலயே தங்கிட்டுக் காலைல வாங்க' என்றும் சொன்னார். ஆனால் விடுமுறைக் காலம். செம்மேட்டில் அறை இல்லை என்பதை வரும் வழியிலேயே இரண்டு விடுதிகளில் கேட்டறிந்திருந்தோம். சிவப்புக் குறியோ, இன்னும் நான்கு கிலோமீட்டர் என்று காட்டியது.

முதல் நீலத்தொட்டியில் திரும்பச் சொன்னது வரைபடம். திரும்பினோம். கைபேசி தன் இருப்பிடத்தை அறிய அலைக்கோபுரம் வேண்டியதில்லை. வானத்துச் செயற்கைக்கோள்களின் குறிப்புகளே போதும். ஆனால் சுற்றிலும் என்ன இருக்கிறது என்று காட்டும் படம் இணையத்தின் வழியாகத்தான் வந்து சேரவேண்டும். அலை போனபின் முன்பே வந்திறங்கிய துண்டுப்படம் சிறிது நேரம் ஓடியது. அது முடிந்ததும், வெற்றுக் கட்டங்களின் நடுவே ஒரு நீலப்புள்ளியாக நாங்கள் மட்டும் மிஞ்சினோம். நாம் இருக்கிறோம் என்பது உறுதி, எங்கே என்பதுதான் இல்லை. இதைக் கைபேசியைவிடத் தெளிவாக எந்த வேதாந்தியும் காட்டியதில்லை என்று மகளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

காங்கிரீட் பாதை குறுகிக்கொண்டே போய் மண்ணாயிற்று. வரைபடத்தில் சாலையாக வரைந்திருந்த கோடு, உண்மையில் படிக்கட்டு வயல்களுக்கு இடையே ஆட்கள் நடக்கும் வரப்புப்பாதை. முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் கல்லடுக்கு வரப்பின் விளிம்பு தெரிந்தது. அதற்கப்பால் எதுவும் தெரியவில்லை. பனி அதற்குள் கண்ணாடியை மூடிவிட்டிருந்தது. பின்னால் எடுக்கலாம் என்றால் பின்னாலும் அதே வெள்ளை. மணி எட்டு ஐந்து. அம்மாவிடம் கடலைமிட்டாயைக் கொடுத்தோம். வாங்கும்போது அவர் விரல்கள் நடுங்கின. குளிர் என்றார். புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தோம். அந்தக் குளிரிலும் வியர்வை. குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினோம். பொட்டலத்தில் இன்னும் ஒரு தரத்துக்கு இருந்தது. வண்டியில் யாரும் பேசவில்லை.

இதன்பின் நடந்ததை முதலில் நினைவுகூர்ந்தவர் யார் என்பதில் எங்கள் இருவருக்குள்ளும் இன்றுவரை வழக்கு தீரவில்லை. மலைபடுகடாத்தில் ஓரிடம்: குறவர்களே திகைக்கும்படியான குன்றில் நீங்கள் அகப்பட்டுக்கொண்டால் மேற்கொண்டு நடக்காதீர்கள், அகன்ற பாறையில் ஒன்றாகக் கூடி நில்லுங்கள், உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள், புனம் காக்கும் கானவர் ஓசை கேட்டு ஓடிவருவார்கள் என்று கூத்தனுக்குச் சொல்லப்படும். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு உரிய பகுதி. கூத்தர்களிடம் முழவும் யாழும் குழலும் இருந்தன. எங்களிடம் ஹாரன் இருந்தது.

இயந்திரத்தை நிறுத்தி, விளக்கை மட்டும் எரியவிட்டு, மூன்று தரம் அழுத்தினோம். நிறுத்திக் காதுகொடுத்தோம். மறுபடி மூன்று. அந்த மலையில் எங்கள் ஹாரன் ஒலி எவ்வளவு அநாகரிகமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நான்காம் முறை ஒரு நாய் குரைத்தது, கீழேயிருந்து. பிறகு ஒரு வெளிச்சம் அசைந்து அசைந்து ஏறி வந்தது. நெற்றியில் விளக்குக் கட்டிய ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கலாம். பின்னால் துண்டைத் தலையில் சுற்றிய ஒரு சிறுவன்.

'யாருங்க அது?'

நாங்கள் வாயெடுக்குமுன் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார். 'வழி தெரியாம நிக்கிறோம், தம்பி.'

'எந்தக் காட்டுக்குங்க?'

மறுபடியும் அதே கேள்வி. இம்முறை மகள் கைபேசியை நீட்டினாள். வீட்டின் படத்தை விளம்பரத்திலிருந்து அவள் முன்பே சேமித்து வைத்திருந்தாள். கண்ணாடிச் சுவர், மரப்பலகைத் தளம், தொங்கும் நாற்காலி. அவர் வீட்டைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்த மரத்தின்மேல் விரலை வைத்தார்.

'இது பலாமரத்துக் காடு. எங்க பெரியப்பா காடுங்க.'

உடனே புறப்பட்டுவிடலாம் என்றுதான் நினைத்தோம். அவர் அம்மாவின் முகத்தில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, முதலில் பாட்டி ஏதாவது சாப்பிடட்டும் என்றார். வண்டியைப் பின்னெடுக்க வைத்தது ஒரு தனிக்கலை: சிறுவன் பின்னால் நின்று டார்ச்சைத் தரையில் அடிக்க, இவர் ஜன்னலோரம் நடந்தபடி, 'விடுங்க, விடுங்க, ஒடிக்காதீங்க, நேரா' என்று சொல்லிக்கொண்டே வந்தார். நூறடி பின்வாங்க கால்மணி நேரம் ஆயிற்று. அங்கே ஒரு திட்டில் வண்டியை நிறுத்தி, அம்மாவைக் கைத்தாங்கலாக அவர் வீட்டுக்கு இறக்கினோம்.

இலக்கியம் படித்தவர்களின் நோய் ஒன்று உண்டு. எதைப் பார்த்தாலும் அதற்குமுன் படித்ததையே பார்ப்பது. நன்னன் மலையின் சிற்றூர்களில் கூத்தருக்கு இறடிச் சோறு, அதாவது தினைச்சோறு கிடைக்கும். அந்த ஓட்டுவீட்டின் அடுப்படியில் எங்களுக்குக் கிடைத்தது ரேஷன் அரிசிச் சோறும் மொச்சைக் குழம்பும். சாமை உண்டா என்று கேட்டுவிட்டோம். வீட்டுப் பெண்மணி சிரித்தார். 'அத இடிச்சுப் புடைச்சு யாருங்க ஆக்குறது? நோம்பி நாள்ல ஆக்குவோம்' என்றார். கேட்டது எங்களில் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அம்மா இரண்டு கவளம் மென்று விழுங்கும்வரை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுக்கம் நின்றது. மூன்றாம் கவளத்தில், 'குழம்புல பட்டை போட மாட்டீங்களா?' என்று சமையல் விசாரணையைத் தொடங்கினார். அப்போதுதான் எங்களுக்கும் பசித்தது.

ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். அவர் முன்னிருக்கையில் ஏறிக்கொள்வார் என்று நினைத்தோம். நடந்தே வருவதாகச் சொல்லிவிட்டார். பனியில் உள்ளே உட்கார்ந்தால் பாதை தெரியாதாம். வண்டிக்குப் பத்தடி முன்னால் அவர் நடக்க, நடைவேகத்தில் பின்தொடர்ந்தோம். கண்ணாடிகளை இறக்கிவிடச் சொன்னார். 'மொட்டப்பாறை வர்ற வரைக்கும் ஒண்ணும் இல்ல. பாறைக்கு அப்புறம் தண்ணிச் சத்தம் வலது காதுல கேட்டா சரியான பாதை. இடது காதுல கேட்டா மாறிட்டோம்னு அர்த்தம்.'

மலைபடுகடாம் என்ற பெயருக்கு உரைகாரர் சொல்லும் விளக்கம் தமிழ் மாணவர் அனைவருக்கும் மனப்பாடம். மலையை யானையாகவும், அதில் எழும் ஓசைகளை யானையின் மதமாகவும் உருவகித்தது. அருவி ஓசை, தேனெடுப்போர் ஓசை, வள்ளைப்பாட்டு ஓசை, புண்பட்ட கானவனின் ஓசை என்று நீளமாக ஒரு பட்டியலே வரும். அதை வருணனை என்று கற்பித்திருக்கிறோம். அப்படித்தான் எங்களுக்கும் கற்பிக்கப்பட்டது. கண் அவிந்துபோன ஒரு மலைப்பாதையில், வலக்காதில் தண்ணீரை வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் அந்தப் பட்டியல் வேறு விதமாகப் படுகிறது. இது எங்கள் ஊகமே. ஆய்வு முடிவாக யாரும் மேற்கோள் காட்டிவிட வேண்டாம்.

நடந்துகொண்டே அவர் சொன்னவை துண்டுதுண்டாகத்தான் காதில் விழுந்தன. பலாமரம் அவருடைய பாட்டன் வைத்தது. பெரியப்பா காலத்தில் மேல்படிகளில் சாமை, கீழ்ப்படிகளில் நெல். பிறகு மரவள்ளி. பிறகு காடு கைமாறியது. விற்றதா, கடனுக்குப் போனதா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கட்டடம் எழும்பியபோது கல் சுமக்க அவர் போயிருக்கிறார். வீடு முடிந்தபின் உள்ளே போனதில்லை. 'பேரு ஏதோ வெச்சிருக்காங்கன்னு தெரியும். என்ன பேருன்னு தெரியாதுங்க.'

வாசலுக்கு இருபதடி முன்பு நின்றுவிட்டார். சமையற்காரர் போர்வையோடு ஓடிவந்து, 'ஏழு மணியிலிருந்து வழியைப் பார்த்துக்கிட்டிருக்கேன்' என்றார். மலைக்காரருக்கு நன்றி சொல்லிப் பணத்தை நீட்டினோம். சிறுவன் கையை மட்டும் பார்த்தான். தகப்பன் அவன் தோளைத் தொட்டுத் திருப்பினார். உள்ளே வந்து ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போகலாமே என்றோம். நேரமாகிவிட்டது என்றார். பெயரையாவது சொல்லிவிட்டுப் போ என்று அம்மா கேட்டதற்கு, 'இந்த ஊருதாங்க பாட்டி' என்று பதில் வந்தது. புறநானூற்றில் வன்பரணர் பாடிய ஒரு பாட்டு உண்டு. காட்டில் வழிநடந்து களைத்தவர்களுக்கு மானிறைச்சி சுட்டுக் கொடுத்து, அணிகலனும் கழற்றிக் கொடுத்து, எந்த நாடு என்றாலும் சொல்லாமல், யார் நீ என்றாலும் சொல்லாமல் போய்விடுகிறான் ஒருவன். பிறகு வழியில் பிறர் சொல்லித்தான் அவன் தோட்டிமலை நள்ளி என்று தெரியவருகிறது. எங்களுக்கு அப்படிச் சொல்ல வழியில் பிறர் இருக்கவில்லை.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருந்தது. காலையில் பனி விலகியபோது, பலாமரம் அடிமுதல் காயோடு நின்றது. மரத்தைச் சுற்றி வட்டமாகச் சிமெண்டுத் திண்ணை; அதற்குக் கீழே பழைய கல்லடுக்குப் படிகள், ஒவ்வொன்றிலும் புல்தரை. மறுநாள் அம்மா அறப்பளீசுவரரைப் பார்த்தார். ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் என்றதும், மேலேயே நின்று கும்பிட்டுக்கொண்டார். சன்னதியில் அப்பாவின் சதகப் பாட்டுகளில் ஒன்றைச் சொல்லத் தொடங்கி, பாதியில் அடி மறந்து, எங்களைத் திரும்பிப் பார்த்தார். முதுகலை படித்த இருவருக்கும் அந்த அடி தெரியவில்லை.

ஊர் திரும்பியபின் வீட்டுக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பினோம். உங்கள் வழிக்குறிப்பில் 'பலாமரத்துக் காடு' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துவிடுங்கள், தேநீர்க்கடையில் கேட்டால் சொல்வார்கள் என்று எழுதினோம். உடனே பதில் வந்தது. பாதுகாப்புக் கருதி விருந்தினர்கள் ஊருக்குள் விசாரிப்பதைத் தாங்கள் ஊக்குவிப்பதில்லை என்றும், சிவப்புக் குறியைச் சரியான இடத்துக்கு நகர்த்திவிட்டதாகவும், எங்கள் மதிப்பீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் எதிர்பார்ப்பதாகவும் அதில் இருந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினோம். 'பாதுகாப்பா? யாருக்காம்?' என்று கேட்டுவிட்டுக் கீரை ஆய்வதைத் தொடர்ந்தார்.

ஆகவே இங்கே எழுதிவைக்கிறோம். அந்தப் பக்கம் போகும் நண்பர்கள் காரவள்ளியைப் பிற்பகல் இரண்டு மணிக்குள் கடந்துவிடுங்கள். மார்கழியில் மலைமேல் ஆறு மணிக்கு இருட்டிவிடும். வளைவுகளில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவதே மலைச்சாலை மரபு. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். அலை இருக்கும்போதே படத்தை முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதிலுள்ள எல்லாக் கோடும் சாலை என்று நம்பிவிடாதீர்கள். எந்த வீட்டைப் பிடித்தாலும் அது யார் காடு என்று முன்பணம் கட்டுமுன் கேளுங்கள். கோயில் சாலைத் தேநீர்க்கடையில் இறங்கி ஒரு தேநீர் குடியுங்கள். பலாமரத்துக் காடு என்று சொல்லுங்கள். முதல் நீலத்தொட்டியில் திரும்பக் கூடாது, இரண்டாவதில். மொட்டைப்பாறை வந்ததும் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பேச்சை நிறுத்துங்கள். தண்ணீர் வலக்காதில் கேட்க வேண்டும்.